ஆட்டக்காரர் முழங்கால்

சென்னையின் எஃப்.சி. என்னும் கால்பந்துச் சங்கத்தின் பேர்போன ஆட்டக்காரராய் விளங்கிய மிஜோரம் தோழர் ஜேஜே லால்பெக்லுவா, முழங்கால் கெட்டுச் சத்திர சிகிச்சை செய்துகொண்டதால் 2019-20ம் பந்தயக் காலம் முழுவதும் மைதானத்தில் இறங்க முடியாமற் போயிற்று. அவர் இல்லாமலே அச்சங்கம் இறுதி ஆட்டம் வரை போய், 2020 மார்ச் 14ந் தேதி கோவாவில் ஏ.டி.கே. சங்கத்தாரிடம் 3-க்கு 1 என்று தோற்றது. ரசிகர்கள் “அவர் காலுக்கு மட்டும் ஒன்றும் ஆகாதிருந்தால்!” என்று பெருமூச்சு விட்டிருப்பார்களானால் அதில் ஆச்சரியமில்லை. அக்கவலையை நாம் குறை கூறவும் வரவில்லை. ஒரு மனிதன் முழங்காலைப் பற்றி ஆயிரம் பேர் கவலைப்படுவது நல்ல காரியமேயாகும். ஆனால் கவலைப்பட்டு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

நம்மவர் வழக்கம் யாவரும் அறிந்ததே. கண்ணேறு பட்டது என்பார்கள், சனி பிடித்தது என்பார்கள், தேங்காய் உடைப்பார்கள். இப்படிச் சொல்லுகிறவர்களைப் பிரேசில் தேசத்து ரொனால்டோவின் கதையைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். 1999 நவம்பரில் அவருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நார் கிழிந்தது. பாரிசில் சத்திரம் செய்தார்கள். ஐந்து மாதத்தில், 2000 ஏப்ரல் 12ந் தேதி, மறுபடி மைதானத்தில் இறங்கினார். இறங்கிய சில நிமிஷங்களிலேயே அந்த நார் அடியோடு அறுந்து, அவர் அலறிக்கொண்டு விழுந்ததை உலகமே பார்த்தது. பிரேசில் ஜனங்கள் பக்தியில் நமக்கு இளைத்தவர்களா? அல்லவே! ஆயினும் அந்தக் காலை மறுபடி ஓடவைத்தது வைத்தியரின் கத்தியும், மாதக் கணக்கான பயிற்சியும், பொறுமையுந்தான். 2002 ஜூன் 30ந் தேதி யோகஹாமாவில் ஜெர்மனிக்கு எதிராய் இரண்டு கோல் போட்டு அவர் உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். அந்த ஜெயத்திற்கு எந்தச் சாமியாவது பங்கு கேட்குமானால், முதலில் 2000ம் வருஷத்து விழுச்சிக்குச் சமாதானம் சொல்லட்டும்.

நிற்க, இதையெல்லாம் பழைய தஞ்சை ஜில்லா வாசகர்களுக்கு ஏன் எழுதுகிறோமென்றால், முழங்கால் கெடுவது சென்னையிலும் ரோமாபுரியிலும் மாத்திரம் நடக்கும் காரியமல்ல. சம்பா அறுப்பு முடிந்ததும் நமது ஊர்களில் கபடியும் கால்பந்தும் தொடங்கிவிடுகின்றன. மைதானம் ஏது? அறுத்த வயல்தான் மைதானம். தண்ணீர் வடிந்து களிமண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் பாதம் சிக்கிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பினால், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே குறுக்காகப் பிணைத்திருக்கும் நார் அறுந்துபோகிறது. ‘டப்’ என்று சத்தங்கூடக் கேட்பதுண்டு. இதற்கு எதிரி ஆட்டக்காரன் மோதவேண்டுமென்பதில்லை. தானாக ஓடித் திரும்பும்போதே பெரும்பாலும் நேர்கிறது.

உடனே என்ன செய்கிறோம்? கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போகிறோம். பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து அவரும் கட்டுகிறார். எலும்பு முறிந்தால் அசையாமல் வைத்திருந்தாலே அனேகமாய்க் கூடிக்கொள்ளும். கோணலாய்க் கூடினாலும் கூடும். ஆனால் மூட்டுக்குள் முற்றிலும் அறுந்த நார் மறுபடி ஒட்டுவது அபூர்வம். தப்பை நாருக்கு என்ன செய்யும்? சில வாரங்களில் வீக்கம் வடிந்து, பையன் நடக்கிறான். “குணமாகிவிட்டது, வேண்டுதல் பலித்தது” என்று மொட்டை அடித்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்த பந்தயத்தில் இறங்குகிறான்; முழங்கால் நழுவுகிறது; உள்ளே மெத்தைபோலிருக்கும் குருத்தெலும்பும் கிழிகிறது.

ஜேஜே லால்பெக்லுவா 2020ல் வேறொரு சங்கத்திற்கு ஆடப் போனார். 2023ல் மிஜோரம் சட்டசபைக்கும் ஜெயித்தார். நமது பையன் எந்தச் சட்டசபைக்குப் போவான்? வரப்பில் கட்டுச் சுமந்து நடக்கவேண்டியவன், சேற்றில் இறங்க வேண்டியவன். நழுவுகிற காலோடு எத்தனை நாள் கூலிக்குப் போவான்? ஆடும்போது “சிங்கம்” என்று தோளில் தூக்கியவர்கள், இருபத்திரண்டு வயதில் அவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கையில் எட்டியாவது பார்க்கிறார்களா? பெண்களுக்கோ இந்த நார் ஆண்களைவிட அதிகமாய் அறுகிறது என்பது வைத்திய நூலார் கண்ட உண்மை, ஆனால் கபடி ஆடிய பெண்ணுக்குக் கால் போனால், “பெண்ணுக்கு எதற்கு விளையாட்டு?” என்ற ஒரே வைத்தியந்தான் வீட்டில் கிடைக்கிறது!

தஞ்சாவூரில் 1959 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடிபட்ட பையனை முதல் வாரத்திலேயே எலும்பு வைத்தியரிடம் காட்டி, எது அறுந்தது, எது அறவில்லை என்று தெரிந்துகொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? எல்லோருக்கும் சத்திரம் வேண்டியதில்லை. சிலருக்குப் பயிற்சியே போதும். சத்திரம் செய்தாலும் ஒன்பது மாதத்துக்கு முன் ஆடவிட்டால் மறுபடி அறும் அபாயம் மிகுதி என்கிறார்கள். அந்த ஒன்பது மாதமும் வீட்டில் கஞ்சிக்கு வழி வேண்டும். அதற்குப் பணமில்லை என்று பந்தயக் கமிட்டியார் சொல்லக்கூடாது. சீரியல் விளக்குக்கும், வாணவேடிக்கைக்கும், ஆறடிக் கோப்பைக்கும், தலைவர்கள் படம் போட்ட பிளெக்ஸ் பலகைக்கும் பணம் இருக்கிறது. கிளம்புமுன் சூடம் கொளுத்தி உடைக்கும் பூசணிக்காய்க்குங்கூட இருக்கிறது!

ஆகவே, பந்தயம் நடத்தும் தோழர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். ஆட்டத்துக்கு முன் வயலை உழுது, கட்டி உடைத்து, வெடிப்பை மூடிச் சமன் செய்யுங்கள். வசூலில் ஒரு பங்கை அடிபட்டவருக்கென்று தனியே எடுத்து வையுங்கள். இவ்வருஷ நோட்டீசில் முதற் பரிசுத் தொகைக்குக் கீழே, வைத்தியச் செலவுக்கு ஒதுக்கிய தொகை இவ்வளவு என்று ஒரு வரி அச்சிடுங்கள்.