தாகம் தீர்க்கும் பயிர் நம் வயலில்தான் இருக்கிறது

கோடை பிறந்தால் கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தர்பூசணியும் நுங்கும் இளநீரும் குவிந்துவிடும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் காரில் வருகிறவர்கள். சாலையை ஒட்டிய வயலில் களையெடுக்கும் பெண்களிடம் இருப்பதோ ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீர்தான். யாராவது வாங்கித் தந்தால் ஒரு பாட்டில் குளிர்பானம். விளைகிற இடத்திலேயே விளைபொருள் எட்டாமல் போவது சரிதானா?

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நல்லதுதான். ஆனால், உயிர் போகாமல் காப்பதல்லவா முதல் வேலை? தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தினர் நடத்திய ஆய்வு, கடும் வெயில் வேலை சிறுநீரகத்தையும் பாதிப்பதைச் சுட்டிக்காட்டியது. கேளம்பாக்கம், செய்யூர் பகுதி உப்பளங்களுக்கும் வயல்களுக்கும் இது பொருந்தும்.

வியர்வையில் நீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. அதனால் மணிக்கணக்கில் வியர்க்க உழைப்பவருக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட மோர், நீராகாரம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை இரண்டையும் சேர்த்தே தருகின்றன. வெள்ளரியில் சுமார் 95 சதவீதமும் தர்பூசணியில் சுமார் 92 சதவீதமும் நீர்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே இளநீரோடு உப்பு மோரும் இருப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீருக்கும், சர்க்கரை நோயாளிகள் பதநீருக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மயக்கம், குழப்பம், உடல் கொதிப்பு கண்டால் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

இதில் உழவரின் வருமானமும் அடங்கியிருக்கிறது. 2025 கோடையில், தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியதும் விலை சரிந்தது. பழங்கள் வயலிலேயே கிடந்தன. விளக்கங்கள் பின்னால் வந்தன, போன விலை திரும்பவில்லை. பழத்தின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி. ஊசி குத்தினால் துளை வழியே கிருமி புகுந்து பழம் சீக்கிரம் அழுகிவிடும். நஷ்டப்பட எந்த வியாபாரி அப்படிச் செய்வார்? நகரச் சந்தையை மட்டும் நம்பியிருந்தால் ஒரு வதந்தி போதும், ஒரு பருவமே போய்விடும்.

எனவே செய்ய வேண்டியது இது. அரசும் கட்சிகளும் திறக்கும் தண்ணீர்ப் பந்தல்களுக்கும், ஊரக வேலைத் திட்டப் பணித்தளங்களுக்கும், தர்பூசணியையும் வெள்ளரியையும் மோரையும் அந்தந்த வட்டார உழவர்களிடமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடமும் நேரடியாக வாங்க வேண்டும். அறுவடைக்கு முன்பே எவ்வளவு தேவை என்பதைத் தோட்டக்கலைத் துறையினர் உழவரிடம் சொல்லிவிட வேண்டும். பனை ஏறுபவர்களின் பதநீருக்கும் அங்கே இடம் தர வேண்டும். ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மரத்தைக் காத்தால் போதாது, அதில் ஏறுபவரும் பிழைக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. காலை பத்து மணிக்கு ஒரு பானை உப்பு மோர், உச்சி வெயிலில் மர நிழலில் ஓய்வு. நம் நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு நாளையே தொடங்கலாம்.