கரை நம்முடையது

திருவிடந்தை ஊர்ச் சொந்தங்களுக்கு,

பிழைக்க வந்த டொராண்டோவில் எனக்கு அண்ணனாக வாய்த்தவர் மட்டக்களப்புக்காரர். அவரோடு அவர் ஊருக்குப் போய்வந்தேன். பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஊர் பட்டது கொஞ்சமல்ல. 1978 நவம்பரில் சூறாவளி. பிறகு பல்லாண்டுப் போர். அதற்கு நடுவே 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கல்லடி, டச்பார், நாவலடி மணல்திட்டில்தான் அலை அதிகம் வாரிச் சென்றது. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் தங்கிப்போகும் அங்குள்ள திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரமே சாய்ந்தது.

இன்று 1924-இன் பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில், ஜப்பான் உதவியில் எழுந்த புதுப்பாலத்தில் பஸ்கள் ஓடுகின்றன. கடைத்தெருவில் கூட்டம். கண்டு நெஞ்சு நிறைந்தது.

ஆனால் என் மனம் நாவலடியில்தான் நிற்கிறது. சுனாமிக்குப் பின் இலங்கை அரசு வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கூடாது என்றது. நாவலடிக் குடும்பங்களுக்கு உள்ளே தள்ளித் திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள். கூரை கிடைத்தது, கடல் தூரமாகிவிட்டது. வாசலில் நின்றே காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்கு இறங்கியவர்களுக்கு இது சின்ன இழப்பா? தெற்கே அறுகம்குடாவில் நடந்தது இன்னும் மோசம்: மீனவர் குடிசை இருந்த கரைக்கே சுற்றுலாத் திட்டம் தீட்டினார்கள். மீனவர்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள்.

நமக்கும் 2005-இல் அதே 200 மீட்டர் கணக்குதான் வந்தது. உள்ளே புதுவீடு வாங்கினால் கரையோர மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும் என்றது ஆணை. உயிர் முக்கியம், மறுக்கவில்லை. எச்சரிக்கைச் சங்கும், மேட்டுக்கு ஓடும் பாதையும், அலையைத் தடுக்கும் மணல்மேடும் கட்டாயம் வேண்டும். ஆனால் மீனவனுக்கு ஆபத்தான கரை, கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை பங்களாவுக்கும் ரிசார்ட்டுக்கும் மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகிறது? இதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கரையில் எங்கே எது வரலாம் என்று வகுக்கும் அரசின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். நாம் படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் இடம், கருவாடு போடும் இடம் எல்லாம் அதில் குறித்திருக்கிறதா என்று சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் போட்டு, செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

உங்கள் ஊர்ப் பிள்ளை