செக் தேசத்தின் லிதியம்

செக் தேசத்தின் வடமேற்கில், ஜெர்மனியின் ஸாக்ஸனி எல்லையை ஒட்டி, சினோவெட்ஸ் என்றொரு சிறு மலைக்கிராமம் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அங்கே வெள்ளீயம் வெட்டி வந்தார்கள். 1990-ல் சுரங்கம் மூடப்பட்டது. இப்பொழுது அதே மலையில் லிதியத்திற்குப் போட்டி எழுந்திருக்கிறது. மோட்டார் வண்டிகளின் பாட்டரிக்கு லிதியம் இன்றியமையாததாகிவிட்டபடியால், இது ஒரு கிராமத்தின் விவகாரமாக நிற்கவில்லை. தன் மண்ணிலுள்ள தாதுவின் பலன் யாரைச் சேரவேண்டும் என்று யோசிக்கும் எந்தத் தேசத்தாரும் இதைக் கவனித்தல் நலம்.

ஐரோப்பியன் மெட்டல்ஸ் என்பது ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான ஒரு சிறு கம்பெனி. அது 2014 முதல் சினோவெட்ஸில் துளையிட்டு வந்தது. வைரமுனைக் குழாயால் பாறையைக் குடைந்து, உருளையாக வெளிவரும் கல்லைப் பிளந்து, சோதனைச்சாலைக்கு அனுப்பி, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு உலோகம் என்று கணக்கெடுப்பதே இவ்வேலை. துளைகள் நெருங்க நெருங்க, ஊகமாக இருந்தது கணக்காகிறது. 2021-ல் வெளியான மதிப்பீட்டின்படி அங்கே சுமார் 70 கோடி டன் தாதுப்பாறை உண்டு. அதில் லிதியம் ஆக்ஸைடு நூற்றுக்கு 0.43 பங்கு. வெள்ளீயமும் சிறிதளவு கலந்திருக்கிறது.

தொகை பெரிது, செறிவோ குறைவு. லிதியம் அங்கே ஒருவித அப்பிரகத்தில் அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்து, உலையில் வறுத்து, நீரில் கரைத்தே எடுக்கவேண்டும். ஆகையால் துளை நன்றாக அமைந்ததென்பதாலேயே லாபம் நிச்சயமென்று கொள்வது தவறு.

இன்னொரு விஷயம் முக்கியமானது. அம்மலையை முதலில் குடைந்து பார்த்தது இக்கம்பெனியன்று. பழைய செக்கோஸ்லோவாகிய சர்க்கார் பொதுப்பணத்தைச் செலவிட்டு ஏற்கனவே சோதித்திருந்தது. புதிய துளைகள் பல, அந்தப் பழைய கணக்கு சரிதானா என்று பார்ப்பதற்கே போடப்பட்டவை. செக் சட்டப்படி இத்தகைய தாது தேசத்தின் சொத்து. ஆயினும் தேடும் உரிமை பெற்றவருக்கே தோண்டும் உரிமையிலும் முதலிடம். எனவே உரிமை கைமாறும் இடம் சுரங்கத்தின் வாயிலன்று. அதற்கு வெகு முன்னதாக, துளையிட அனுமதி தரும் காகிதத்திலேயே அது கைமாறிவிடுகிறது.

ஜனங்கள் இதை உணர்ந்தது 2017 அக்டோபரில். பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், மந்திரி ஹாவ்லிச்செக் இக்கம்பெனியுடன் ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டார். அது எவரையும் கட்டுப்படுத்தாத குறிப்பே. ஆனாலும் தேசத்தின் செல்வம் பறிபோகிறதென்று பாபிஷ் கட்சியார் ஊரெங்கும் முழங்கினர். அக்கட்சியே முதலிடம் பெற்றது. மந்திரியின் சமூக ஜனநாயகக் கட்சி படுதோல்வியடைந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை.

முழக்கத்தால் லிதியம் மீளவில்லை. 2020-ல், சர்க்கார் ஏறக்குறைய 70 சதவீதப் பங்கு வைத்துள்ள செஸ் என்னும் மின்சாரக் கம்பெனி, தேடும் உரிமை வைத்திருந்த ஸ்தாபனத்தில் 51 சதவீதத்தை விலைகொடுத்து வாங்கியது. 2025-ல் ஐரோப்பியக் கமிஷன் இத்திட்டத்தை முக்கியத் திட்டங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. தங்களூரருகே ஆலை வருவதை துபி வாசிகள் ஆட்சேபித்தனர். அவர்கள் குரலும் நியாயமாகக் கேட்கப்படவேண்டியதே.

செக் சர்க்கார் தன் பணத்தில் திரட்டிய அறிவைச் சும்மா விட்டுவைத்தது. பின்னர் அந்த அறிவின் பலனில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கைப் பணம் கொடுத்துப் பெற நேர்ந்தது. அந்நிய மூலதனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. துளையிடத் துணிந்தவன் தன் துணிவுக்குரிய கூலியைப் பெறட்டும். ஆனால் தேசம் தன் பங்கு, ராயல்டி, ஆலை அமையும் இடம் ஆகியவற்றை முதல் அனுமதியிலேயே எழுதி வாங்கவேண்டும். தேர்தல் மேடையில் கோபம் கொள்வது எளிது. அனுமதிச் சீட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதே தேசபக்தி என்பது நம் அபிப்பிராயம்.