ஒன்றிய உருவம் மட்டும் சான்றாகாது



பழைய படச்சுருள் கருவிகளின்மேல் இளையோருக்கு மீண்டும் ஆசை பிறந்திருக்கின்றது. அதிலும், கடைக்காரர்கள் ரேஞ்ச்பைண்டர் என்று சொல்லும் தொலைவுமானிப் படக்கருவிகளைத் தேடித் தேடி வாங்குகின்றனர். விற்பவர்கள் தவறாமல் சொல்லும் உறுதிமொழி ஒன்று உண்டு: "பார்வைக் கண்ணாடியில் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேருகிறது. ஆகவே கருவி நல்ல நிலையில் உள்ளது." இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சோதிக்காமல் எவரும் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இக்கருவி இயங்கும் முறை எளிது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரலை அருகே கொண்டுவந்தால் அந்த மாற்றம் கூடும். கருவியின் முகப்பில் இருக்கும் இரண்டு சாளரங்களும் அப்படிப்பட்ட இரு கண்களே. வில்லையைத் திருகும்போது ஒரு சாளரத்தின் உருவம் நகர்ந்து மற்றதன்மேல் பொருந்துகின்றது. 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைகா கருவியில் இவ்வசதி இல்லை. தொலைவைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், அல்லது தனி அளவியை வைத்துக்கொள்ள வேண்டும். வில்லையோடு இணைந்த தொலைவுமானி 1932-இல் லைகா இரண்டாம் வகையில் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் பார்ப்பது வில்லையின் வழியாக அன்று. வில்லை எங்கே குவிகின்றது என்பது தொலைவுமானிக்குத் தெரியாது. வில்லையின் பின்புறம் எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு நெம்புகோல் தடவிப் பார்த்துச் சொல்கின்றது, அவ்வளவுதான். எனவே இரண்டு பொருத்தங்கள் வேண்டும். வில்லை படச்சுருளின் தளத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். தொலைவுமானி வில்லையோடு பொருந்தியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் வில்லையைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சற்றே பிசகாக மாட்டியிருந்தாலும், பார்வைக் கண்ணாடியில் இரு உருவமும் அழகாக ஒன்றாகும். படம் மட்டும் மங்கும்.

இக்குறை நெடுநாள் ஒளிந்திருக்கும் என்பதுதான் கொடுமை. 45 மில்லிமீட்டர் வில்லையில் ஒளித்துளையை எட்டுக்குச் சுருக்கி, பள்ளித் திடலில் 5 மீட்டர் தொலைவில் மாணவர்களை நிறுத்திப் படமெடுத்தால், பல மீட்டர் ஆழத்திற்கு எல்லாமே தெளிவாக விழும். அதே வில்லையை 1.7-க்குத் திறந்து ஒரு மீட்டரில் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியிலிருந்து காதுவரைகூட வராது! வெயிலில் எடுத்த படங்களைக் காட்டிக் கருவியைப் புகழ்பவர்களை நான் நம்புவதில்லை.

பண்டமாரானைச் சேர்ந்த என் முன்னாள் மாணவர் ஒருவர் இணையத்தில் இப்படியொரு கருவியை வாங்கினார். "சோதித்தது" என்று விற்றவர் எழுதியிருந்தாராம். மாணவர் தம் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளை வீட்டு விளக்கொளியில் எடுத்தார். படச்சுருளைக் கழுவிப் பார்த்தபோது, பின்சுவரிலிருந்த நாட்காட்டியின் எண்களைப் படிக்க முடிந்தது. பாட்டியின் முகம் ஒன்றில்கூடத் தெளிவாக இல்லை. தோட்டத்தில் பால்மரம் சீவி வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு நிழற்படங்களே குறைவு. சில மாதங்களில் அம்மையார் காலமாகிவிட்டார். "சார், நான் சரியாகத்தானே சேர்த்தேன்?" என்று அவர் கேட்டார். அவர் சரியாகத்தான் சேர்த்திருந்தார்.

சோதனைக்குப் படச்சுருளே தேவையில்லை. கருவியின் பின்கதவைத் திறந்து, படச்சுருள் படியும் உள் தண்டவாளங்களின்மேல் மங்கலான ஒட்டுநாடாவைச் சுருக்கமின்றி இழுத்து ஒட்டுங்கள். ஷட்டரை 'பி' நிலையில் வைத்து, கம்பி விசையால் திறந்தே நிறுத்துங்கள். ஒளித்துளை முழுதாகத் திறந்திருக்கட்டும். முக்காலியில் பொருத்தி, ஒரு மீட்டர் தொலைவில் நாளிதழ் ஒன்றைச் சுவரில் ஒட்டி, தொலைவுமானியால் குவியுங்கள். பிறகு ஒட்டுநாடாவில் தலைகீழாக விழும் எழுத்துகளை உருப்பெருக்கியால் பாருங்கள். அவை கூர்மையாக இருந்தால் கருவி உண்மை பேசுகின்றது. ஷட்டர் தகடுகளில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய லைகாவைப்போல் அடிவழியே சுருளேற்றும் கருவிகளில் இது கடினம். அங்கே ஓர் அளவுகோலை 45 பாகைச் சாய்வில் வைத்து, நடுக்கோட்டில் குவித்து, ஒரு படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். படச்சுருள் விற்கும் விலையில் இது வலிக்கத்தான் செய்யும்.

திருத்துவதிலும் வரிசை உண்டு. பலர் எடுத்த எடுப்பில் தொலைவுமானியின் திருகைத் திருப்பிவிடுகின்றனர். முதலில் வில்லையை முடிவிலிக் குறியில் வைத்து, தொலைதூரப் பொருள் ஒட்டுநாடாவில் தெளிவாக விழுகின்றதா என்று பார்க்க வேண்டும். அது சரியான பின்னரே தொலைவுமானி. இல்லையேல் பொய்யான குறிக்கு ஏற்ப இன்னொரு பொய்யைப் பொருத்துவதாகவே முடியும். முடிவிலி சரியாக இருந்து அண்மை மட்டும் பிசகினால், பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

"கைப்பேசியே தானாகக் குவிக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?" என்று ஆசிரியர் அறையில் கேட்கின்றனர். வேண்டாதவருக்கு வேண்டாம். ஆனால் கைப்பேசி, எடுத்த மறுநொடியே படத்தைக் காட்டிவிடும், படச்சுருள் காட்டாது. லைகாவோடு உலகைச் சுற்றிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியை அவருடைய இறுதி நாள்களில் படமெடுத்தார். அம்மாதம் 14-ஆம் நாள் மகரிஷி மறைந்தார். அந்தப் படங்கள் பிசகியிருந்தால் மறுபடி எடுக்க வழியே இல்லை.

இப்பக்கத்தில் இருப்போர்க்கு ஒரு சொல். முடிவிலிச் சோதனைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கூரிய செங்குத்துக் கோடு வேண்டும். தொலைத்தொடர்புக் கம்பமோ துறைமுகத்துப் பளுதூக்கியோ போதும். புகைமூட்டக் காலத்தில் அவற்றை நம்பாதீர்கள், விளிம்பே தெரியாது. மழை விட்ட மாலையில் பாருங்கள். அதுவும் வாய்க்காவிட்டால், மேகமில்லாத இரவில் நிலா இருக்கின்றது.