கிட்னி மாற்றியவருக்குக் காய்ச்சலா? கொஞ்சம் நில்லுங்க

கிட்னி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் உங்க வீட்ல இருந்தா, இந்த த்ரெட்டைக் கடைசி வரை படிச்சிடுங்க.

ரெண்டு வாரமா சாயங்காலமானா லேசா காய்ச்சல். பசி இல்லை, எடை குறையுது. இருமல் கிடையாது. "வைரலா இருக்கும்"னு மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக் போடுறாங்க. அது லீவோஃப்ளாக்சசினா இருந்தா இன்னும் வம்பு. டிபி கிருமியையும் அது ஓரளவு அடக்கும். காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கும், நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

புது கிட்னியை உடம்பு நிராகரிக்கக் கூடாதுன்னுதான் டாக்ரோலிமஸ், மைகோபினோலேட், ஸ்டீராய்டு எல்லாம் தர்றோம். மூணுமே எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. நம்ம நாட்டில் ஏராளமானவர்கள் உடம்பில் டிபி கிருமி சத்தமில்லாம தூங்கிட்டிருக்கு. காவல் குறைஞ்சா எழுந்துக்கும். நுரையீரல்லதான் வரணும்னு இல்லை. நெறிகட்டி, குடல், முதுகெலும்பு, மூளை உறைன்னு எங்க வேணும்னாலும் வரலாம். சளி டெஸ்ட் நெகட்டிவ்னு நிம்மதியா இருந்துட முடியாது.

அடுத்த சிக்கல் சிகிச்சையிலேயே இருக்கு. டிபிக்கு முக்கிய மருந்து ரிஃபாம்பிசின் (சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகுமே, அதுதான்). கல்லீரலைத் தூண்டிவிட்டு டாக்ரோலிமஸை வேகமா வெளியேத்திடும். நீங்க ஒருவேளை கூட தவறாம மாத்திரை போட்டிருப்பீங்க, ஆனா ரத்தத்தில் அளவு சரிஞ்சிருக்கும். அம்மாவோ மனைவியோ கொடுத்த கிட்னி அப்படியே கைவிட்டுப் போகலாம். டாக்ரோலிமஸ் டோஸைப் பல மடங்கு ஏத்தணும், இல்லைன்னா ரிஃபாபியூட்டினுக்கு மாத்தணும். எப்படியானாலும் ரத்த அளவை அடிக்கடி பார்க்கணும். ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது மறுபடி டோஸைக் குறைக்கணும். குறைக்காட்டி அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும்.

அரசு டிபி மையத்தில் மாத்திரை இலவசம். நல்ல திட்டம், குறை சொல்லலை. ஆனா அங்கே தர்றது பெரும்பாலும் கூட்டு மாத்திரை, ரிஃபாம்பிசின் அதுக்குள்ளேயே இருக்கு. "கிட்னி மாத்தியிருக்கு"ன்னு சொல்லாம வாங்கிடாதீங்க. கிட்னி டாக்டர்கிட்ட டிபியை மறைக்கவும் வேண்டாம். வெட்கப்பட இதில் ஒண்ணுமே இல்லை.

தப்பு எங்க மேலயும் இருக்கு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு உப்பு, தண்ணி, மாஸ்க் எல்லாம் விலாவாரியா சொல்றோம், டிபியைப் பத்தி வாயே திறக்கிறதில்லை. என்னைக் கேட்டா, டிஸ்சார்ஜ் சம்மரி முதல் பக்கத்திலேயே தமிழ்ல, பெரிய எழுத்தில், "டிபி மாத்திரை தொடங்கும் முன் எங்களைக் கூப்பிடவும்"னு போன் நம்பரோட அச்சடிக்கணும். ஒரு வரி, அவ்வளவுதான் செலவு.

அதுவரைக்கும் நீங்களே பேனாவால எழுதி வச்சுக்கோங்க. வீட்ல வேற யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா, அடுத்த செக்கப்புக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க.