ஆசானை மாற்றினால் ஆட்டம் திருந்துமோ?

விளையாட்டில் தோற்ற கட்சியின் அபிமானிகளுக்குச் சினம் உண்டாதல் இயல்பேயாம். அச்சினம் ஆடினவர்மேற் செல்வதினும் அவரைப் பழக்கினவர்மேற் செல்வதே பெரும்பான்மை. அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்வகலாசாலைகளில் இஃது ஆண்டுதோறும் நிகழும் ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. கார்த்திகைத் திங்களில் ஆட்டப்பருவம் முடியுந் தறுவாயில், இன்ன சர்வகலாசாலையார் தம் பயிற்சியாளரை விலக்கினர் என்னுஞ் செய்தி ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றது. அபிமானிகளின் மனக்குறை நியாயமானதா, அவர் வேண்டும் பரிகாரம் நோய்க்கு ஏற்ற மருந்தா என்னும் இரண்டையும், நெப்ராஸ்கா சர்வகலாசாலையின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாம் கால்பந்து என வழங்கும் ஆட்டம் வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. நீண்டு முனை கூர்ந்த பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் பக்கத்திற்குப் பதினொருவராக ஆடுவது அது. தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். அவர்கீழ்த் தாக்குதற்கு ஒருவர், காப்பிற்கு ஒருவர், ஒவ்வோர் இடத்து வீரர்க்கும் ஒவ்வொருவர் எனத் துணைப் பயிற்சியாளர் பலர். ஆகவே தலைவர் ஒருவர் மாறின், அவரோடு பல குடும்பங்கள் ஊர் பெயரும்.

நெப்ராஸ்கா பெரும்பாலும் வேளாண்மை நாடு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அம்மாகாணத்து மக்கள் இருபது இலட்சத்திற்கும் குறைவினர். ஊதியத்திற்கு ஆடும் பெருங் கால்பந்துக் கழகம் எதுவும் ஆங்கில்லை. ஆதலின் மாகாணத்தார் அன்பு முழுதும் லிங்கன் நகரத்துச் சர்வகலாசாலைக் கட்சியின்மேற் பாய்ந்தது. அங்குள்ள அரங்கில் 85,000 பேர் அமரலாம். 1962 நவம்பர் தொடங்கி, அனுமதிச் சீட்டுகள் அனைத்தும் விற்றுப்போகும் வழக்கம் அறுபது ஆண்டுகளைக் கடந்து நின்றது. இத்தகையாரின் மனக்குறையை வெறும் வம்பென்று தள்ளுதல் முறையன்று. அன்பு இல்லாத இடத்தில் வருத்தமும் இல்லை.

பாப் டெவானி என்பார் 1962-இல் தலைமை ஏற்று, 1970, 1971 ஆகிய இரண்டாண்டுகளிலும் நாட்டின் முதன்மையைப் பெற்றுத் தந்தார். அவர்பின் 1973-இல் வந்த டாம் ஆஸ்பர்ன், முதல் ஐந்தாண்டுகளும் ஓக்லஹோமா கட்சியாரிடம் தோற்றார். அக்காலத்தும் முணுமுணுப்பு மிகுந்தே இருந்தது; 1978-இல் அவர் வேற்றூர் செல்லவும் எண்ணியதுண்டு. எனினும் அவர் நின்றார், நிற்கவும் விடப்பட்டார். அவருக்கு முதன்முதலாக நாட்டின் முதன்மை வாய்த்தது 1994-இல், அஃதாவது இருபத்திரண்டாம் பருவத்தில். 1995-இலும் 1997-இலும் அப்பேறு மீண்டும் வந்தது. இதனை எடுத்துக்காட்டி, பொறுத்தார் அரசாள்வார் என்று கூறி முடிப்பார் பலர். ஆயின் ஒன்றை மறத்தலாகாது. ஆஸ்பர்ன் தலைமை வகித்த இருபத்தைந்து பருவங்களுள் ஒன்றிலேனும் ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததில்லை. ஆண்டுதோறும் கனி ஈந்த மரத்தையே அவர் காத்திருந்து பேணினர்.

அவர்க்குப்பின் வந்த பிராங்க் சாலிச் ஆறு பருவங்களில் 58 வெற்றி பெற்றார். 2002-இல் வெற்றியும் தோல்வியும் ஏழேழாய் நிற்கவே, துணைப் பயிற்சியாளர் சிலரை மாற்றிக் காப்பினைப் போ பெலினி என்பாரிடம் ஒப்புவித்தார். அம்மாற்றம் பலித்தது, 2003-இல் ஒன்பது ஆட்டங்களை வென்றார். வென்றும் விலக்கப்பட்டார். பின்வந்த பில் காலகனோ, ஓட்டத்தையே உயிராகக் கொண்ட பழைய ஆட்டமுறையை நீக்கி, எறிதலை மிகுத்த புதுமுறையைப் புகுத்தினார். ஒரு முறைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர் வேறொரு முறையில் ஆட நேர்ந்தது. 1961-க்குப்பின் முதன்முறையாகத் தோல்விகள் வெற்றிகளை விஞ்சியது 2004-ஆம் ஆண்டிலேயாம்.

பின்னர்த் தலைமை ஏற்ற பெலினி, 2008 முதல் 2014 வரை ஏழு பருவங்களிலும் ஒன்பது வெற்றிக்குக் குறையாது பெற்றார், அவரும் விலக்கப்பட்டார். அடுத்து வந்த மைக் ரைலி மூன்று பருவங்களில் 19 வென்று 19 தோற்றார். அவர்பின் 2018-இல் வந்தவர் ஸ்காட் பிராஸ்ட், அம்மண்ணின் மைந்தர், 1997-ஆம் ஆண்டு முதன்மை பெற்ற கட்சியில் முன்னின்று ஆடியவர். ஊரே அவரை வரவேற்றது. ஆனால் ஒரு பருவத்திலும் வெற்றி தோல்வியை விஞ்சவில்லை. 2021-இல் தோற்ற ஒன்பது ஆட்டங்களும் ஒன்பது புள்ளிக்கு மேற்படாத வேறுபாட்டில் தோற்றவை. அவ்வாண்டு நவம்பரில், இரண்டு ஆட்டங்கள் எஞ்சியிருக்கவே, தாக்குதற்பகுதித் துணைப் பயிற்சியாளர் நால்வர் விலக்கப்பட்டனர், தலைவர் நிறுத்தப்பட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அவரும் விலக்கப்பட்டார்.

இவ்வரலாற்றினின்று நாம் அறிவது யாது? துணைவரை மாற்றுதல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. 2003-இல் நோயிருந்த இடம் அறிந்து மருந்திட்டனர், பயன் விளைந்தது. 2021-இல் தாக்குதல் முறையை வகுத்தவர் தலைவராகவே இருக்க, அதனை நடத்தினவர் மட்டும் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். அபிமானிகள் அப்போது கொண்ட சினம் நியாயமானதே. படைத்தலைவன் பிழைக்குப் படைவீரன் தலை கொடுத்தால், கண்டோர் உளம் அமைதியுறுவது எங்ஙனம்?

மற்றொன்று. கனி தராத அத்திமரத்திற்கு இன்னும் ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரனை நம் ஆண்டவர் உவமையில் நாம் அறிவோம். அவன் வெறுமனே காத்திருப்பதாகச் சொல்லவில்லை. சுற்றிலுங் கொத்தி எருவிடுவதாகச் சொன்னான். கனி தாராவிடின் வெட்டலாம் என்றும் ஒப்பினான். பொறுமைக்கு ஓர் எல்லையும் அவ்வெல்லைக்குள் ஓர் உழைப்பும் உண்டு. நெப்ராஸ்காவில் இருமுறை நிகழ்ந்த தவறு, கனி தந்த மரத்தை, அக்கனி பொன்னாக இல்லையென்று வெட்டியது. சாலிச்சை விலக்கியதும் பெலினியை விலக்கியதும் அதுவே. அபிமானிகளுள் பலர் அவ்விரு முறையும் கோடரியை வரவேற்றனர் என்பதையும் மறைத்தல் கூடாது.

இனி, நியமித்தவர் பொறுப்பைக் காண்போம். பிராஸ்டுக்கு வெற்றி மிகுந்த பருவம் ஒன்றும் அமையாத 2019-லேயே அவர் ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. அதனால் 2022-இல் அவரை விலக்க ஒன்றரைக் கோடி டாலர் ஈடு கொடுக்க நேர்ந்தது. அக்டோபர் முதல்நாள் வரை பொறுத்திருப்பின் அதிற் பாதியே போதியதாகும். 2023-இல் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலையார் தம் பயிற்சியாளரை விலக்கிய வகையில் ஒப்பிய ஈடு ஏழரைக் கோடி டாலருக்கும் மேற்பட்டது. கல்வி புகட்டும் நிலையங்களில் ஒருவர் பணி செய்யாதிருக்கத் தரும் கூலி இத்துணை! வள்ளுவர் தெரிந்து தெளிதலை முன்வைத்து, தெரிந்து வினையாடலை அதன்பின் வைத்தார். ஆளைத் தேரும்போது செய்யாத ஆராய்ச்சியை விலக்கும்போது செய்பவர்க்கு இவ்விழப்பு நேர்வது வியப்பன்று.

இவ்வாரவாரத்தில் யாரும் நினையாதவர் ஒருவர் உளர். அவர் மாணவர். பதினெட்டு பத்தொன்பது வயதினரான இளைஞர், பயிற்சியாளர் ஒருவர் தம் வீட்டிற்கு வந்து பெற்றோர்க்குக் கூறிய உறுதிமொழியை நம்பி ஊர்விட்டு வருகின்றனர். மறுபருவத்தில் அவர் இல்லை. 2021 முதல் வேறு சர்வகலாசாலைக்கு மாறும் மாணவர் ஓராண்டு காத்திராமலே ஆடலாம் என விதி தளர்ந்தது உண்மையே. ஆயினும் கட்சி மாறுதல் எளிது. நண்பரையும் ஆசிரியரையும் பாதியிற் படித்த பாடத்தையும் விட்டு மாறுதல் எளிதன்று. அவ்வயதினராகிய நமக்கு இது நன்கு விளங்கும். ஆசான் என்பவர் ஆட்டத்தை மட்டும் கற்பிப்பவர் அல்லர்.

ஆகவே அபிமானிகள் வாய்மூடியிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவர் குரல் காலந்தாழ்ந்து எழுகின்றது என்பதே நம் குறை. தோற்ற மாலையில் "இவரை நீக்குக" என்று கூவுவதினும், நியமிக்கும் நாளில் "இவரை ஏன் தெரிந்தீர்? எத்துணை ஆண்டு தருவீர்? எதனைக் கனியென்று கொள்வீர்? ஒப்பந்தத்தில் எழுதியது யாது?" என்று வினவுதல் நன்று. அவ்வினாக்களுக்கு விடை பெற்றபின், குறித்த காலம்வரை பொறுத்தல் அவர் கடன். காலம் கடந்தபின் கணக்குக் கேட்டல் அவர் உரிமை. கடனைச் செய்யாதார் உரிமையைக் கேட்பின் கேட்பார் யார்?