மைக்கைக் கண்டா நடுக்கமா?

மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்குதா? கை கொடுங்க பாஸ், நானும் உங்க கட்சிதான்! சிம்போசியத்துக்கு என்னை கோ-ஆர்டினேட்டர்னு அறிவிச்ச அன்னிக்கு, கிளாஸ் முன்னாடி நின்னு 'அது வந்து...'னு ரெண்டு தடவை சொல்லிட்டு இறங்கிட்டேன். கடைசி பெஞ்ச் கைதட்டினது தனிக்கதை.

நம்ம கட்சிக்கு ஒரு சூப்பர் சீனியர் உண்டு. காந்தி! லண்டனில் பாரிஸ்டர் முடித்து 1891-ல் ஊர் திரும்பியவர், பம்பாய் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். ஃபீஸ் 30 ரூபாயும் வாபஸ்!

அப்புறம்தான் விஷயமே. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், அங்கிருந்த இந்தியர்களிடம் 'இங்கிலீஷ் கத்துத் தர்றேன்' என்றார். சிக்கியது மூணே பேர்... ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர். அவங்க இடத்துக்கே போய் சொல்லிக்கொடுத்தார். 1894-ல் நேட்டால் இந்தியன் காங்கிரஸையே தொடங்கியவர் இதே ஆள்தான்.

நானும் அந்த ரூட்டைப் பிடிச்சேன். கேன்டீன், ஹாஸ்டல்னு ஒவ்வொருத்தரா தேடிப் போனேன். 'போஸ்டரை நீ பாத்துக்கிறியா?'னு ஒருத்தன்கிட்ட கேக்க வாய் வருது பாருங்க! கைதட்டின கடைசி பெஞ்ச்தான் இப்ப ஸ்பான்சர் கேட்டு கடை கடையா அலையுது.

வரவேற்புரை மட்டும் என் தலையில. அஞ்சே வரி. கண்ணாடி முன்னாடி மூணு வரி வரைக்கும் வந்தாச்சு!